அம்பயர் வில்மா நடிக்கப் போன கதை

மில்வாக்கி நகரத்தின் தெற்குப் பக்கத்தில் பேஸ்பால் ஆடிய எவனைக் கேட்டாலும் வில்மா ட்ரெக்ஸ்லரைப் பற்றி ஒரு புகாராவது வைத்திருப்பான். தெளிவாக ஓடி வந்து சேர்ந்த தனக்கு அவுட் கொடுத்தாள் என்பான். தன் அண்ணனை மைதானத்தைவிட்டே துரத்தினாள் என்பான். கோப்பை கைநழுவிப் போனதே அந்த அம்மாவால்தான் என்று சத்தியம் செய்வான். இவ்வளவும் சொல்லிவிட்டு, "ஆனா நல்ல அம்பயர்" என்று முடிப்பான். அந்த வேலையில் இதைவிடப் பெரிய பட்டம் எதுவும் கிடையாது.

அவள் அம்பயர் ஆனது பத்தொன்பது வயதில், ஒரு விபத்து மாதிரி. அப்போது அவளுக்கு ஒரு காதலன் இருந்தான். தொழிற்சாலை அணியில் ஆடிக்கொண்டிருந்த அவனைப் பார்க்கப் போன இடத்தில் அம்பயர் வந்து சேரவில்லை. யாருக்குக் குரல் பெரிசு என்று கேட்டார்கள். எல்லாரும் வில்மாவைக் கைகாட்டினார்கள். அன்று அவள் கொடுத்த முதல் அவுட்டே அந்தக் காதலனுக்குத்தான். அவன் முறைத்தான், கத்தினான், தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தான். இவள் கையை இறக்கவில்லை. காதல் அன்றோடு முடிந்தது, வேலை முப்பது வருஷத்துக்கும் மேல் நின்றது.

பகலில் பிளம்பிங் சாமான் கடையில் கவுண்டர், மாலையிலும் சனி ஞாயிறுகளிலும் மைதானம். கம்பி முகமூடிக்குப் பின்னாலிருந்து பந்தைப் பார்ப்பாள், அது வந்து விழுவதற்குள் முடிவு சொல்லிவிடுவாள். பின்னாலிருந்து என்னென்னவோ கத்துவார்கள். அவள் உடம்பைப் பற்றி, கல்யாணம் ஆகாததைப் பற்றி, அவள் அப்பா குடித்த பீரைப் பற்றிக்கூட. எதையும் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். கேட்கிறது என்று முகம் ஒரு தடவை காட்டிக்கொடுத்துவிட்டால் அந்த மைதானத்தில் அப்புறம் பிழைக்க முடியாது.

அவளுக்கு நடிப்பு ஆசை வந்ததற்கு ஒரு மெத்தைக்கடைதான் காரணம். உள்ளூர் டிவியில் ஒரு விளம்பரம் எடுத்தார்கள். பழைய மெத்தையைச் சுமந்து வருகிறவனைப் பார்த்து அம்பயர் உடையில் "அவுட்!" என்று கத்த வேண்டும். வில்மா கத்தினாள். மெத்தையைச் சுமந்தவன் பயத்தில் நிஜமாகவே கீழே போட்டுவிட்டான். அதையே ஒளிபரப்பினார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க மளிகைக்கடையில் வரிசையில் நிற்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் கை தூக்கி "அவுட்!" என்றார்கள். விளம்பரத்துக்கு ஆள் பிடித்துக் கொடுத்த பெண்மணி, "உங்க முகத்துக்கு வேலை இருக்கு. ஆனா முறையா பயிற்சி எடுத்து முடிச்சிட்டு வாங்க. பாதியில வந்தா பார்க்கமாட்டேன்" என்று சொல்லியிருந்தாள்.

அது மட்டும் என்றால் வில்மா சிரித்துவிட்டுப் போயிருப்பாள். ஆனால் முழங்கால் அவளைக் கைவிட்டிருந்தது. ஆட்டத்துக்கு ஆட்டம் குந்தி எழுந்த அந்தக் காலைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், இனிமேல் குந்தவே கூடாது என்று சொல்லிவிட்டார். லீக் ஆட்கள் அன்பாகத்தான் பேசினார்கள். வந்து உட்காருங்க, காப்பி குடிங்க, புதுசா வர்றவங்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்க என்றார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அடுத்தவள் கொடுக்கும் அவுட்டைக் குறை சொல்லும் பொம்பளையாகத் தன்னை நினைத்துப் பார்த்தாள். அது தனக்கு ஆகாது என்று தெரிந்தது. அவளுக்கு ஐம்பத்திரண்டு வயதுதான் ஆகிறது. இன்னொரு இடம் வேண்டும், எல்லாரும் பார்க்கிற இடமாக இருக்க வேண்டும். அதனால் ஜனவரியில் இனெஸ் ரூபியோவின் நடிப்பு வகுப்பில் பணம் கட்டிச் சேர்ந்தாள்.

அந்த வகுப்புக்கு ஒரு வழக்கம் உண்டு. குளிர்காலம் முழுக்க முதல் பாதி. அது முடிந்ததும் யார் யார் இரண்டாம் பாதிக்கு வரலாம் என்று இனெஸ் சொல்வாள். பாதிப் பேரைத்தான் கூப்பிடுவாள். மற்றவர்களுக்குக் கைகொடுத்து அனுப்பிவிடுவாள். காரணம் கேட்டால் சொல்லமாட்டாள்.

"அந்தப் பாதியில நான் இருப்பேன்" என்று, ஊர் வழக்கப்படி எல்லாரும் கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் சாப்பிடப் போன இடத்தில், பட்டாணி பரிமாறுகிறவள் முதற்கொண்டு எல்லாரிடமும் வில்மா சொல்லிவிட்டாள். "என்ன சொல்லித் தர்றாங்க தெரியுமா? யோசிக்காம சட்டுனு செய்யணுமாம். அதுல இந்த ஊர்ல என்னை மிஞ்ச ஆள் இருக்கா?"

ஒருவரும் இல்லை என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். ஒத்துக்கொள்ளாவிட்டால் விடமாட்டாள் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

வகுப்பு நடந்தது ஒரு பௌலிங் கூடத்தின் மாடியில். கீழே உருண்டை உருண்டு போய்க் கட்டைகளைச் சாய்க்கும்போது மேலே தரை அதிரும். முதல் நாள் அப்படி ஒரு சத்தம் வந்ததும் அறையில் இருந்த எல்லாரும் தூக்கிவாரிப்போட்டு நிமிர்ந்தார்கள். வில்மாவுக்கு இமைகூட அசையவில்லை. அதைக் கவனித்தார்களா என்று பெருமையாகச் சுற்றிப் பார்த்தாள். இனெஸ் கவனித்திருந்தாள்.

இனெஸுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். குட்டையான உருவம், எப்போதும் வாயில் ஒரு வறுத்த பாதாம். கத்திப் பேசி வில்மா கேட்டதே இல்லை.

பயிற்சி பார்க்க எளிதுதான். இரண்டு பேர் எதிரெதிர் நாற்காலியில் உட்கார வேண்டும். ஒருவர் எதிரே இருப்பவரிடம் கண்ணில் படுகிற ஒன்றைச் சொல்ல வேண்டும். அவர் அதையே தன்னைப் பற்றித் திருப்பிச் சொல்ல வேண்டும். மறுபடி, மறுபடி. எதிராளியிடம் ஏதாவது மாறினால் சொல்வதும் மாறும். புத்திசாலித்தனமாக ஒன்றை யோசித்து எடுத்துவிடக் கூடாது.

"உங்க பதிலை உங்களுக்குள்ள தேடாதீங்க" என்றாள் இனெஸ். "எதிர்ல இருக்கற முகத்துல தேடுங்க."

வில்மாவுக்குக் கிடைத்த ஜோடி டெஸ்மண்ட் ப்ரூவிட். நகரப் பேருந்து ஓட்டுகிறவன். நாற்பது வயது, நல்ல உயரம், நிறுத்தாத வாய். ஒன்பது வயது மகள் ஜோலியைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் எந்தப் பேச்சையும் முடிக்கமாட்டான். முதல் நாள் எல்லார் முன்னாலும் இருவரும் உட்கார்ந்தார்கள்.

"நீ காலை ஆட்டுற" என்றாள் வில்மா.

"நான் காலை ஆட்டுறேன்."

"நீ காலை ஆட்டுற."

"நான் காலை ஆட்டுறேன்."

"உனக்குப் பதட்டமா இருக்கு."

"எனக்குப் பதட்டமா இல்ல" என்றான் டெஸ்மண்ட்.

வில்மாவின் வலது கை அவளைக் கேட்காமலே மேலே போனது. விரல்கள் மடங்கின. "அவுட்!"

அறையே சிரித்தது. டெஸ்மண்ட் நாற்காலியிலிருந்து சரிந்து விழுகிறவன் போல நடித்து, "ஐயோ, அம்பயரம்மா, பந்து என் மேல படவே இல்ல!" என்று கும்பிடு போட்டான். சிரிப்பு இன்னும் கூடியது. வில்மாவும் சிரித்தாள். யோசிக்காமல் வந்ததல்லவா அது? கேட்டது அதைத்தானே?

இனெஸ் மட்டும் சிரிக்கவில்லை. "அவன் பொய் சொன்னான்னு கண்டுபிடிச்சீங்க. நல்லது. அதுல உங்களுக்கு என்ன ஆச்சு?"

"எனக்கு என்ன ஆகணும்?"

"அதான் கேக்கறேன்."

"எனக்கு ஒண்ணும் ஆகலம்மா. ஆகாம இருக்கறதுதான் என் தொழில்."

இனெஸ் பாதாமை மென்று விழுங்கிவிட்டு அடுத்த ஜோடியைக் கூப்பிட்டாள்.

அதற்கப்புறம் வாரா வாரம் வில்மா வேகமாகிக்கொண்டே போனாள். கண்தான் அவளுக்கு எத்தனை வருஷத்துக் கண்! காதோரம் ஏறும் சிவப்பு, மூச்சு ஒரு நொடி நிற்பது, கட்டைவிரல் உள்ளே மடங்குவது எதுவும் அவளிடமிருந்து தப்பாது. மற்றவர்கள் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவள் பார்த்ததைப் போட்டு உடைத்துவிடுவாள். பல் மருத்துவரிடம் வேலை செய்யும் ஒரு பெண், வில்மாவின் எதிரே உட்காரவே பயமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னாள். வில்மா அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டாள். அந்தப் பெண் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

வீட்டிலும் பயிற்சி நடந்தது. மேல் வீட்டில் அக்கா நோரீன், கீழ் வீட்டில் வில்மா. அப்பா விட்டுப்போன வீடு அது. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நோரீனுக்குப் பொழுது போகாத நேரம்தான் அதிகம்.

"நான் எதிர்பார்க்காத நேரத்துல ஏதாவது செய்யி. நான் எப்படிப் பதில் கொடுக்கறேன்னு பார்ப்போம்" என்று வில்மா கேட்டுக்கொண்டாள்.

நோரீன் ஆசை தீரச் செய்தாள். பின்னாலிருந்து ஈரத் துணியை எறிந்தாள். குளியலறைக் கதவைத் திடீரென்று திறந்தாள். வில்மா காப்பி ஊற்றிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் ஒரு இரும்புச் சட்டியைத் தரையில் போட்டாள். காப்பி ஒரு சொட்டு சிந்தவில்லை.

"உன்னை வெச்சிக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாதுடி" என்றாள் நோரீன், சட்டியைப் பொறுக்கிக்கொண்டே. "அப்பா செத்த அன்னைக்கே நீ கல்லு மாதிரி நின்ன. எல்லாரும் அழுதுக்கிட்டிருக்கோம், நீ வாசல்ல நின்னு யார் காரை எங்க நிறுத்தறதுன்னு கை காட்டிக்கிட்டிருந்த."

"யாராவது காட்டணும்ல?"

"காட்டணும்தான்" என்றாள் நோரீன். சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு மேல் வீட்டுக்குப் போனாள்.

மார்ச் மாதக் கடைசியில்தான் அந்தச் சண்டை வந்தது. ஏரிக் காற்று ஜன்னலை உலுக்கிக்கொண்டிருந்தது. வில்மாவும் டெஸ்மண்டும் நாற்காலியில் இருந்தார்கள். வில்மா சரமாரியாகப் பொழிந்தாள். உன் தோள் இறங்குது, நீ கதவைப் பாக்கற, நீ இப்ப ஜோக் அடிக்கப் போற. டெஸ்மண்டால் மூச்சு வாங்கக்கூட முடியவில்லை.

"நிறுத்துங்க" என்றாள் இனெஸ். "வில்மா, நீங்க ரொம்ப வேகம். ஆனா அவனைப் பார்க்கல, அவனுக்குத் தீர்ப்பு சொல்றீங்க. இன்னைக்கு டெஸ்மண்ட் சொன்னது ஒண்ணாவது உங்களைத் தொட்டுச்சா?"

"தொட்டா நான் அம்பயரே இல்ல."

"இங்க உங்களை அம்பயரா இருக்கச் சொன்னது யாரு?"

வில்மா எழுந்தாள். முழங்கால் கிறீச்சிட்டது. "இதோ பாரும்மா, யோசிக்காம செய்யின்னு சொன்ன, செஞ்சேன். இவங்கல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு நிக்கறாங்க, அவங்களை விட்டுட்ட. என்கிட்ட மட்டும் குறை கண்டுபிடிக்கிற. காரணம் சொல்லு."

"சொல்லிட்டேன்."

"அது ஒரு காரணமா?"

"உக்காருங்க, வில்மா."

"உக்காரமாட்டேன். உனக்குக் கண்ணு தெரியல!"

சொன்ன பிறகுதான் உறைத்தது. முப்பது வருஷமாக, ஊரில் உள்ள அத்தனை பயிற்சியாளர்களும் அவள் முகத்துக்கு நேரே நின்று கத்திய அதே வாக்கியம் அது. ஒரு எழுத்து மாறவில்லை.

இனெஸின் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. "உங்க கோட்டை எடுத்துக்குங்க. இன்னைக்கு உங்களுக்கு வகுப்பு முடிஞ்சுது" என்றாள், பால் வேண்டுமா என்று கேட்கிற குரலில்.

வில்மா நாற்காலியை ஒரு உதை விட்டாள். துரத்தப்படுகிறவர்கள் அதைச் செய்யாமல் போவதில்லை, அது அவர்களுடைய உரிமை என்று அவளே பல தடவை விட்டுக்கொடுத்திருக்கிறாள். பிறகு படியிறங்கினாள். எத்தனையோ பேரைத் துரத்தியவளை முதல்முறையாக ஒருத்தி துரத்தியிருக்கிறாள். பாதிப் படியில் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். கோபம் மண்டைக்கு ஏறியிருந்தாலும், கத்தாமல், நியாயம் பேசாமல், இரண்டே வாக்கியத்தில் காரியத்தை முடித்த விதத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. தொழில் தெரிந்தவள் என்று நினைத்துக்கொண்டாள்.

நோரீன் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஊரையே விரட்டினவளை விரட்டிட்டாளா! அவளுக்கு நான் ஒரு கேக் செஞ்சு அனுப்பணும்."

"சிரி, சிரி. அவ என்னை எடுத்துக்கமாட்டா."

"எடுத்துக்கலைன்னா என்ன? கடை இருக்கு, வீடு இருக்கு."

கடையும் வீடும் இருந்தன, அவ்வளவுதான் இருந்தது. அன்று முதல்முறையாக அவளுக்குப் பயமாக இருந்தது. மைதானம் போய்விட்டது, இதுவும் போனால் தான் யார் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. மீன் வறுவல் கடைக்கு அந்த வெள்ளிக்கிழமை அவள் போகவில்லை.

முதல் பாதியின் கடைசி வகுப்பு அடுத்த வாரம், ஏப்ரலில் வந்தது. அன்று முடிவு தெரியும். வில்மா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு போயிருந்தாள். இனெஸிடம் மன்னிப்பு கேட்கவில்லை, இனெஸும் எதிர்பார்க்கவில்லை. போன முறை உதைத்த நாற்காலியை எடுத்து நேராக வைத்தாள், அது போதும் என்று இருவருக்கும் தோன்றியது.

டெஸ்மண்ட் எல்லாருக்கும் கடைசியாக வந்தான். வரும்போதே ஒரு கதையோடுதான் வந்தான். பேருந்தில் ஒருத்தி கூண்டோடு கோழி ஏற்றினாளாம், கோழிக்கும் டிக்கெட் உண்டா என்று கேட்டாளாம். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொரு கதை தொடங்கினான். அதில் ஜோலி இல்லை. அதற்கடுத்த கதையிலும் இல்லை. வில்மா அதைக் கவனித்தாள். மார்ச் மாதமாக இருந்தால் அப்போதே போட்டு உடைத்திருப்பாள். இன்று வாயைத் திறக்கவில்லை.

இருவரையும் இனெஸ் கடைசியாகக் கூப்பிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்தார்கள். டெஸ்மண்ட் முகமெல்லாம் பல்லாக இருந்தான்.

"நீ சிரிக்கிற" என்றாள் வில்மா.

"நான் சிரிக்கிறேன்."

"நீ சிரிக்கிற."

"நான் சிரிக்கிறேன்."

"விடாம சிரிக்கிற."

"விடாம சிரிக்கிறேன்."

"உதடுதான் சிரிக்குது."

"உதடுதான்..." டெஸ்மண்ட் நின்றான். தொண்டையைச் செருமினான். "உதடுதான் சிரிக்குது."

பிறகு உதடும் சிரிக்கவில்லை. அந்தப் பெரிய முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். அறை முழுக்க அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வில்மா எழுந்தாள். டெஸ்மண்டின் நாற்காலிக்கு முன்னால் போய், வகுப்புக்கு முதுகு காட்டி, டாக்டர் கூடாது என்று சொன்ன அந்தக் காலை மடக்கிக் குந்தினாள். வெறுங்கையால் அவன் காலடியில் தரையைக் கூட்டத் தொடங்கினாள். மெதுவாக, ஓரத்திலிருந்து நடுவுக்கு, மறுபடி ஓரத்திலிருந்து.

பின்னால் யாரோ என்ன செய்கிறாள் என்று கிசுகிசுத்தார்கள். பேஸ்பால் மைதானத்தில் நின்றவர்களுக்கு மட்டும்தான் அது தெரியும். அம்பயருக்கு முன்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் கேட்சருக்குச் சில சமயம் மட்டையில் உரசிய பந்து படக் கூடாத இடத்தில் பட்டுவிடும். உயிர் போகும் வலி. ஆனால் எதிரணி பார்க்கிறது, கூட்டம் பார்க்கிறது, அவனால் உருள முடியாது. வலிக்கிறதா என்று அம்பயர் அப்போது கேட்கமாட்டாள். கேட்டால் மானம் போகும். எழுந்து முன்னால் வருவாள். மண்ணோடு பதித்திருக்கும் வெள்ளைத் தட்டு பளிச்சென்றுதான் இருக்கும், ஆனாலும் பையிலிருந்து சின்னத் துடைப்பத்தை எடுத்துக் குனிந்து தூசி தட்டுவாள். அவனுக்கு மூச்சு திரும்பும் வரை தட்டிக்கொண்டே இருப்பாள். அம்பயர் தட்டைத் துடைக்கும்போது ஆட்டம் நிற்கத்தான் வேண்டும், யாரும் எதுவும் சொல்ல முடியாது.

டெஸ்மண்ட் குனிந்து பார்த்தான்.

"நீ தரையைக் கூட்டுற" என்றான், குரல் கரகரத்து.

"நான் தரையைக் கூட்டுறேன்."

"தரை சுத்தமா இருக்கு."

"தரை சுத்தமா இருக்கு."

"ஆனாலும் கூட்டுற."

"ஆனாலும்..." வில்மாவின் கை நின்றது. "ஆனாலும் கூட்டுறேன்."

"உன் குரல் உடையுது."

"என் குரல் உடையல."

"உன் குரல் உடையுது, வில்மா."

"என் குரல் உடையுது."

"நீ அழற."

"நான் அழல."

"நீ அழற."

இவ்வளவு கிட்டத்தில், நடுவில் கம்பி முகமூடி இல்லாமல், யாரும் அவளை இப்படிப் பார்த்ததில்லை. பார்க்கவிட்டதும் இல்லை. கன்னம் நனைந்திருப்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. அதைத் தடுக்க அவளுக்கு நேரம் கிடைக்கவில்லை.

"நான் அழறேன்" என்றாள்.

"நீ அழற."

"நான் அழறேன். நீயும் அழற."

"நானும் அழறேன்" என்றான் டெஸ்மண்ட்.

இனெஸ் நிறுத்தச் சொல்லவில்லை. வெகுநேரம் கழித்து அவர்களாகவே நிறுத்தினார்கள். வில்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. டெஸ்மண்ட்தான் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிவிட்டான்.

"காலையில ஜோலியை ஏர்போர்ட்ல விட்டுட்டு வந்தேன்" என்றான் அவளிடம், மெதுவாக. "என்னை விட்டுப் பிரிஞ்ச அவ அம்மா, நாட்டோட அந்தக் கோடியில பீனிக்ஸுக்கே குடிபோயிட்டா. இனிமே கோடை லீவுக்குத்தான் பொண்ணு வருவா."

வில்மா தலையாட்டினாள். அவன் முதுகில் ஒரு தட்டு தட்டினாள், கொஞ்சம் பலமாகவே.

வகுப்பு முடிந்ததும் கோட்டு மாட்டும் சின்ன அறைக்கு இனெஸ் ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். பல் மருத்துவரிடம் வேலை செய்யும் பெண் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அவளுக்குப் பின் போனவன் யார் முகத்தையும் பார்க்காமல் படியிறங்கினான். டெஸ்மண்ட் வெளியே வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். வில்மா உள்ளே போனாள். எடுத்துக்கொள்ளாவிட்டால் என்ன பேசுவது என்று ஒரு வாரமாகத் தயார் செய்து வைத்திருந்த பேச்சு ஒன்று இருந்தது. நல்ல பேச்சு. ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை.

"அந்தத் தரையில என்ன செஞ்சீங்கன்னு எனக்கு இன்னும் புரியல" என்றாள் இனெஸ். "எப்ப முடிவு பண்ணீங்க, அப்படிச் செய்யணும்னு?"

"முடிவே பண்ணலம்மா. நான் பாத்தப்ப கீழ குந்திக்கிட்டு இருந்தேன்."

இனெஸ் ஒரு பாதாமை வாயில் போட்டுக்கொண்டாள். "போன வாரம் வரைக்கும் உங்களை வேணாம்னுதான் நினைச்சிருந்தேன். ஈஸ்டர் முடிஞ்சதும் ரெண்டாம் பாதி. வந்துடுங்க."

"சரிம்மா."

"ஒண்ணு மட்டும். இன்னைக்கு எங்களுக்கெல்லாம் உங்க முதுகுதான் தெரிஞ்சுது. அடுத்த தடவை நாங்களும் உங்க மூஞ்சியைப் பார்க்கணும்."

"சரிம்மா" என்றாள் வில்மா மறுபடியும். வேறு எந்த நாளாக இருந்தாலும் அதற்கும் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும்.

வெளியே ஈரப்பனி கொட்டிக்கொண்டிருந்தது. காரில் வீட்டுக்கு வரும் வழியெல்லாம், நோரீனிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தாள். சாவியை மேசையில் வீசிவிட்டு, நான் சொன்னேன்ல, என்று மட்டும் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை மீன் கடையிலும் அதையே சொல்ல வேண்டும். பின்வாசல் படியில் ஏறும்போதே நோரீன் மேல் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு, கையில் பாத்திரம் துடைக்கும் துணியோடு வந்து நின்றாள்.

"என்னடி ஆச்சு?"

வில்மா வாயைத் திறந்தாள். அடிவயிற்றிலிருந்து ஒரு அழுகை வந்தது. படியிலேயே உட்கார்ந்து, பெரிய குரலெடுத்து, பின்சந்தில் நாயை நடத்திப் போகிறவன் நின்று பார்க்கும்படி அழுதாள்.

நோரீன் மிரண்டுபோனாள். பிறந்ததிலிருந்து தங்கையை இப்படிப் பார்த்ததில்லை அவள். விழுந்தடித்து இறங்கிவந்து பக்கத்தில் உட்கார்ந்து தோளைக் கட்டிக்கொண்டாள். "போனா போகட்டும்டி! அவளுக்கு என்ன தெரியும்? பாதாம் தின்னத்தான் தெரியும்! உன்னை வேணாம்னு சொல்ல அவ யாரு? நாளைக்கே நான் போய் நாலு கேள்வி கேக்கறேன். அந்தப் படியிலேயே நிக்க வெச்சு..."

வில்மா தலையை ஆட்டினாள், கையை ஆட்டினாள். நோரீன் விடவில்லை. இனெஸின் பரம்பரையையே இழுத்து இரண்டு வசவு வைத்த பிறகுதான் மூச்சு வாங்க நிறுத்தினாள். அந்த இடைவெளியில் வில்மா சொன்னாள்:

"எடுத்துக்கிட்டா."

"என்ன?"

"எடுத்துக்கிட்டாடி. ஈஸ்டர் முடிஞ்சதும் வரச் சொல்லிட்டா."

நோரீன் கையை எடுத்துக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். துணியால் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

"அப்புறம் எதுக்குடி இந்த அழுகை?"

வில்மா யோசித்துப் பார்த்தாள். டெஸ்மண்டுக்காகவா, அப்பாவுக்காகவா, முழங்காலுக்காகவா? எதைச் சொன்னாலும் சரியாக இருக்கும்போல இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அக்காவின் கையிலிருந்த துணியை வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அப்புறமும் அழுகை நிற்கவில்லை.

"தெரியலடி" என்றாள். "எனக்குத் தெரியல."